ஜெர்மானிக்: 75 வருடம் உழைத்த ஓர் அட்லாண்டிக் கப்பல்

கேள்வி இது: டைட்டானிக் முதல் பயணத்திலேயே மூழ்கிவிட்டது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே மூழ்காமல், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பயணிகள் நீராவிக்கப்பல்களின் அன்றாடம் எப்படி இருந்தது? அப்படி ஒரு கப்பல் எத்தனை வருடம் உழைக்கும்?

பொதுவாக இருபதிலிருந்து முப்பது வருடம் என்று சொல்லலாம். அதுவும் தப்பிப் பிழைத்தால்தான். 1854 மார்ச் 1 அன்று லிவர்பூலை விட்டுக் கிளம்பிய சிட்டி ஆஃப் கிளாஸ்கோ, ஏறக்குறைய 480 பேரோடு போனது போனதுதான். என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. நல்லபடியாக ஓடிய கப்பலும் முதல் சில வருடம்தான் பேர் சொல்லும் கப்பலாக இருக்கும். மீதிக் காலம் யாரும் கவனிக்காத உழைப்பில் கழியும். எனக்கு அந்த மீதிக் காலத்தின் மேல்தான் ஆர்வம். அதனால் ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு, அது தண்ணீரில் இறங்கியதிலிருந்து உடைப்புக்குப் போனது வரை சொல்கிறேன். கப்பல் இன்ஜின் ரூமில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். டீசல் காலத்து ஆள், கையால் கரி போட்டதில்லை. ஆனாலும் அந்த வேலை எப்படிப்பட்டது என்பது கொஞ்சம் புரியும்.

கப்பலின் பெயர் ஜெர்மானிக். ஒயிட் ஸ்டார் லைன் நிறுவனத்துக்காக பெல்ஃபாஸ்ட் நகரில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளத்தில் கட்டினார்கள். பின்னாளில் டைட்டானிக்கைக் கட்டியதும் இதே நிறுவனத்துக்காக இதே தளம்தான். 1874 ஜூலையில் ஜெர்மானிக் தண்ணீரில் இறங்கியது. 1875 மே 20 அன்று லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம். நீளம் 455 அடி, அகலம் 45 அடி. அகலத்தைப் போலப் பத்து மடங்கு நீளம், ஊசி மாதிரி. மொத்தக் கொள்ளளவு (எடை இல்லை, உள்ளிடத்தின் அளவு) ஐயாயிரம் டன்னுக்குக் கொஞ்சம் மேல். உடல் எஃகு இல்லை, இரும்பு. இரண்டு புகைபோக்கி, ஒரே ஒரு புரொப்பெல்லர், அப்புறம் நான்கு பாய்மரம்.

நீராவிக்கப்பலுக்குப் பாய்மரம் எதற்கு என்று கேட்கலாம். புரொப்பெல்லர் ஒன்றுதான், அதை இன்ஜினோடு இணைக்கும் ஷாஃப்டும் ஒன்றுதான். நடுக்கடலில் அந்த ஷாஃப்ட் உடைந்தால் கப்பல் வெறும் கட்டைதான். வயர்லெஸ் வருவதற்கு இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது, உதவிக்குக் கூப்பிட வழியில்லை. பாய்மரம் அந்த நாளுக்கான காப்பீடு. அது வீண் பயமும் இல்லை. 1883 ஜனவரியில் ஜெர்மானிக்கின் ஷாஃப்ட் உண்மையிலேயே உடைந்தது. பாய்களை விரித்துத்தான் சமாளித்தார்கள். குளிர்கால அட்லாண்டிக்கில் பின்பக்கம் அலையில் தூக்கி எழும்போதெல்லாம் புரொப்பெல்லர் தண்ணீருக்கு மேலே வந்து வெறும் காற்றில் சுற்றும். சுமை திடீரென்று போய்விடுவதால் இன்ஜின் பறக்கும். அடுத்த நொடி பின்பக்கம் தண்ணீருக்குள் விழும்போது அத்தனை வேகமும் ஒரேயடியாக முட்டி நிற்கும். எட்டு நாள், ஆயிரக்கணக்கான தடவை இந்த அடி ஷாஃப்டில் விழும். இரும்பு எத்தனை தாங்கும்? இன்ஜினியர்கள் நீராவி வால்வைக் கையில் பிடித்துக்கொண்டே நின்று, கப்பலின் அசைவை உடம்பில் உணர்ந்து, பின்பக்கம் எழுவதற்கு முன்பே நீராவியைக் குறைப்பார்கள். நான்கு மணி நேரம் ஒருவர் அப்படியே நிற்க வேண்டும்.

இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்தக் கப்பல் ஏன் முக்கியம் என்பது விளங்காது. 1840இல் குனார்ட் நிறுவனத்தின் பிரிட்டானியா லிவர்பூலிலிருந்து கிளம்பியபோது அதில் 115 பயணிகளுக்குத்தான் இடம். பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம் வைத்த மரக்கப்பல் அது. கப்பலின் வயிற்றில் பெரும்பங்கைக் கரியே அடைத்துக்கொண்டது. கரி தின்றது போக மிச்சம் இருந்த இடம்தான் ஆட்களுக்கு. ஒருமுறை சிலிண்டரில் தள்ளிவிட்டு வீணாகப் போன நீராவியை, இன்னொரு பெரிய சிலிண்டருக்கு அனுப்பி மறுபடி வேலை வாங்கும் காம்பவுண்டு இன்ஜின் வந்ததும் கணக்கு மாறியது. அதே கரியில் அதிக தூரம் போகலாம், மிச்சமாகும் இடத்தில் ஆட்களை ஏற்றலாம். ஜெர்மானிக்கில் இருந்தது லண்டன் மாட்ஸ்லே நிறுவனத்தின் காம்பவுண்டு இன்ஜின். பெரிய சிலிண்டரின் குறுக்களவு 83 அங்குலம். ஓர் ஆள் உள்ளே நின்றால் தலை இடிக்காது. அந்தச் சிக்கனத்தால்தான் 220 மேல்வகுப்புப் பயணிகளோடு கீழ்த்தளத்தில் 1,500 குடியேறிகளை ஏற்ற முடிந்தது.

ஒயிட் ஸ்டார் ஆட்களுக்குக் கரிக் கணக்கின் அருமை கசப்பாகவே தெரிந்திருந்தது. 1873இல் அவர்களுடைய அட்லாண்டிக் என்ற கப்பல் நியூயார்க் போகும் வழியில் கரி போதாமல் போய்விடுமோ என்று பயந்து, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் பக்கம் திரும்பியது. ஏப்ரல் 1 விடியற்காலை இருட்டில் பாறையில் மோதியது. ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கப்பலில் இருந்த பெண் ஒருத்திகூடப் பிழைக்கவில்லை. குழந்தைகளில் ஒரே ஒரு பையன் தப்பினான். ஜெர்மானிக் தண்ணீரில் இறங்கியபோது அந்தச் சம்பவம் நடந்து ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருந்தது.

சரி, ஒரு பயணத்தைப் பார்ப்போம்.

வியாழக்கிழமை லிவர்பூலில் கிளம்பும். ஆட்கள் பல நாள் முன்னாலேயே ஊருக்குள் வந்திருப்பார்கள். சுவீடன், நார்வே, ஜெர்மனி என்று வடக்கு ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் நாட்டின் குறுக்கே வந்து சேர்வார்கள். லிவர்பூலில் மலிவு விடுதிகள், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகத் தரகர்கள், தகரத்தட்டும் வைக்கோல் மெத்தையும் விற்கும் கடைகள் என்று ஒரு முழுத் தொழிலே இருந்தது. அட்லாண்டிக்கைக் கடப்பதற்கு முன்பே பாதிக் காசை அங்கே பறிகொடுத்தவர்கள் உண்டு.

மறுநாள் அயர்லாந்தின் தென்கரையில் குவீன்ஸ்டவுன். இன்று அந்த ஊருக்கு கோவ் என்று பெயர். கப்பல் கரைக்கு வராது, வெளித்துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சிறு படகுகள் இரண்டு விஷயங்களைக் கொண்டுவரும். ஒன்று தபால் மூட்டை. லண்டனில் புதன்கிழமை இரவு அல்லது வியாழக்கிழமை போட்ட கடிதம் ரயிலிலும் படகிலும் அயர்லாந்தைத் தாண்டி வந்து, லிவர்பூலை முன்பே விட்ட கப்பலை இங்கே பிடித்துவிடும். இன்னொன்று ஐரிஷ் இளைஞர்களும் பெண்களும். மகனோ மகளோ அமெரிக்கா கிளம்பும் முந்தின இரவு, செத்தவருக்குச் செய்வது போலவே வீட்டில் ஊர் கூடி விடிய விடிய விழித்திருக்கும் வழக்கம் அயர்லாந்துக் கிராமங்களில் இருந்தது. அதற்கு அமெரிக்கத் துக்கம் காத்தல் என்றே பெயர். ஆடுவார்கள், பாடுவார்கள், விடிந்ததும் ஒப்பாரி. உயிரோடு கிளம்பும் பிள்ளைக்கு ஒப்பாரி, ஏனென்றால் மறுபடி பார்க்கப்போவதில்லை என்று இருவருக்குமே தெரியும். அந்த இரவைத் தாண்டி வந்தவர்கள்தான் அந்தப் படகுகளில் உட்கார்ந்திருந்தார்கள். கப்பல் வரலாற்றில் வேகச் சாதனைகளை எழுதும்போது இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

மேல்வகுப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒயிட் ஸ்டார் செய்த நல்ல மாற்றம், சாப்பாட்டுக் கூடத்தையும் அறைகளையும் கப்பலின் பின்கோடியிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்ததுதான். தராசின் நடுமுள் போல நடுப்பகுதி குறைவாக ஆடும், புரொப்பெல்லரின் அதிர்வும் அங்கே குறைவு. அறை இருக்கும் இடத்தைப் பொறுத்து 15, 18, 21 கினி கட்டணம். ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். ஆரம்பத்தில் எண்ணெய் விளக்குதான். அதே நிறுவனம் அட்ரியாட்டிக் என்ற கப்பலில் எரிவாயு விளக்கைப் போட்டுப் பார்த்தது. அலையில் உடல் நெளியும்போது குழாய் இணைப்புகள் கசிந்ததால் விட்டுவிட்டார்கள். அட்லாண்டிக்கில் மின்விளக்கு முதலில் எரிந்தது போட்டி நிறுவனமான இன்மன் லைனின் சிட்டி ஆஃப் பெர்லினில், 1879இல்.

கீழ்த்தளத்தை ஸ்டீரேஜ் என்பார்கள். அங்கே கட்டணம் ஆறு கினி. இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். கப்பல் நிறைந்துவிட்டால் கீழே 1,500 பேர், 9,000 கினி. மேலே 220 பேர், நடுத்தரமாக 18 கினி வைத்தாலும் 4,000 கினிகூட வராது. மேல்தளத்துப் பளபளப்பைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதின. கப்பலை ஓட்டிய பணம் கீழ்த்தளத்திலிருந்து வந்தது. எல்லாப் பயணத்திலும் 1,500 பேர் இருக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் வசந்த காலத்தில், மேற்கு நோக்கிய பயணங்களில், கப்பல் நிறையத்தான் செய்தது.

கீழ்த்தளத்தில் தனி ஆண்கள் முன்பக்கம், தனிப் பெண்களும் குடும்பங்களும் பின்பக்கம். நடுவில் இன்ஜினும் பாய்லரும். மரச்சட்டத்தில் இரண்டடுக்குப் படுக்கைகள், நடுவில் ஒரு நடைவழி. முன்பக்கம் படுத்தவனுக்குக் கப்பல் முகப்பில் அலை மோதும் சத்தம். பின்பக்கம் படுத்தவளுக்கு அடியில் புரொப்பெல்லரின் உதறல், இரவு முழுக்க. கஞ்சி, உருளைக்கிழங்கு, உப்புக்கண்டம், ஹெர்ரிங் மீன், கப்பலிலேயே சுட்ட ரொட்டி, தேநீர். கிராமத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு அந்தச் சாப்பாடு குறையாகத் தெரிந்திருக்காது. கஷ்டம் வேறு இடத்தில். புயல் வந்தால் மேலே திறக்கும் கதவுகளை மூடிவிடுவார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் வாந்தி எடுக்கும் இடத்தில் இரண்டு நாள், மூன்று நாள் காற்றே வராது. அந்த வாடை மரத்தில் ஏறிவிடும். கிருமிநாசினி போட்டுக் கழுவினாலும் முழுதாகப் போகாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாய்க்கப்பல் காலத்தில் இதே பயணம் ஐந்து, ஆறு வாரம் பிடித்தது. 1847இல் அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து ஓடியவர்கள் கப்பலிலேயே டைஃபஸ் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். எட்டு, ஒன்பது நாளில் கரை சேர்ந்துவிட்டால் நோய் பரவ நேரமில்லை, உணவும் தண்ணீரும் கெட நேரமில்லை. நீராவி செய்த பெரிய உபகாரம் சொகுசு இல்லை, இதுதான்.

இப்போது இன்னும் கீழே இறங்குவோம். நான் சொல்ல நினைத்ததே இந்த இடத்தைத்தான்.

எட்டு பாய்லர், 32 உலை. முழு வேகத்தில் நாளுக்கு நூறு டன் அளவில் கரி. அதாவது ஒவ்வொரு உலை வாய்க்குள்ளும் நாளொன்றுக்கு மூன்று டன்னுக்கு மேல், அத்தனையும் ஷவலால். நான்கு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம். எட்டிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டிலிருந்து நான்கு, நான்கிலிருந்து எட்டு. இன்றும் கப்பல்களில் பெரும்பாலும் இதே வாட்ச் கணக்குதான். நானும் அதிலேயே தூங்கி எழுந்தவன்.

உலைக்கு முன்னால் நிற்பவனின் வேலை பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஷவல் முனையால் கதவைத் தட்டித் திறக்கிறான். வெப்பம் முகத்தில் அறைகிறது. உள்ளே நெருப்பு ஆறேழு அடி ஆழத்துக்குக் கிடக்கிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கே வெளிறியிருக்கிறது, எங்கே கறுத்திருக்கிறது என்று ஒரு பார்வை. பின்கோடிக்கு ஒரு வீச்சு, நடுவுக்கு ஒன்று, ஓரங்களுக்கு ஒவ்வொன்று. கரி மெல்லிய விரிப்பாகப் பரவ வேண்டும். குவியலாக விழுந்தால் எரியாமல் புகையும். கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் குளிர்ந்த காற்று உள்ளே போய் நீராவி அழுத்தத்தை இறக்கும். அதனால் சட்டென்று மூட வேண்டும். இதையெல்லாம் ஆடும் தரையில் செய்ய வேண்டும். கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் கதவைத் திறப்பான். நேரம் தவறினால் எரியும் கரி காலில் கொட்டும்.

அது பாதி வேலைதான். கரியில் உள்ள மண் உருகி, உலைக்குள் நெருப்பைத் தாங்கும் கம்பிகளின் மேல் கண்ணாடி போல இறுகும். காற்று ஏறாது, நெருப்பு செத்துவிடும். ஆள் உயரத்தை விட நீளமான இரும்புக் கம்பியை நெருப்புக்கு அடியில் செருகி, உடம்பின் எடை முழுவதையும் போட்டு நெம்பி, அந்தக் கட்டியைப் பெயர்க்க வேண்டும். ஒவ்வொரு வாட்சிலும் சில உலைகளை முழுசாகச் சுத்தம் செய்வார்கள். சிவக்கச் சிவக்கக் கட்டிகளைக் காலடித் தகட்டின் மேல் இழுத்துப் போட்டு, கடல் தண்ணீரை ஊற்றுவார்கள். ஆவியும் கந்தக நெடியும் கிளம்பி எதிரே நிற்பவன் முகம் தெரியாமல் போகும். சாம்பலைத் தொட்டியில் அள்ளி மேலே ஏற்றிக் கடலில் கொட்டுவார்கள். கரியில் பத்தில் ஒரு பங்கு சாம்பல் என்று வைத்தாலும் நாளுக்குப் பத்து டன்.

இவர்களுக்குக் கரி கொண்டுவந்து போடுபவர்களை ட்ரிம்மர் என்பார்கள். சம்பளத்திலும் மரியாதையிலும் ஒரு படி கீழே. கரி அறைக்குள் இருட்டு, ஒரு சின்ன விளக்கு, மூச்செல்லாம் தூசி. பயணத்தின் முதல் நாள் கரி உலைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். தீரத் தீரத் தூரமாகிக்கொண்டே போகும். ஏழாம் நாள் கோடியிலிருந்து தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வர வேண்டும். உடம்பு ஓய்ந்துபோன நாளில்தான் வேலை அதிகம். கப்பல் சமநிலையாக மிதக்க வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் சமமாக எடுப்பதும் அவர்கள் பொறுப்புதான்.

லிவர்பூலில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள். ஓட்ஸ் மாவு கரைத்த தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பார்கள். வெறும் தண்ணீர் குடித்தால் வயிற்றைப் பிடித்து இழுக்கும். வெக்கையில் புத்தி கலங்கி, மேலே ஓடி, கடலில் குதித்தவர்கள் அந்தக் காலத்துக் கப்பல்களில் உண்டு. 1876லும் 1877லும் ஜெர்மானிக் அட்லாண்டிக்கின் வேகச் சாதனையைப் பிடித்தது. 1877 ஏப்ரலில் குவீன்ஸ்டவுனிலிருந்து நியூயார்க் துறைமுக வாசலில் உள்ள சாண்டி ஹூக் முனைக்கு 7 நாள் 11 மணி 37 நிமிடம். பத்திரிகைகளில் பேர் வந்தது கப்பலுக்கும் கேப்டனுக்கும். அந்த 37 நிமிடம்கூட உலைக்கு முன்னால் நின்றவர்களின் முதுகிலிருந்து வந்ததுதான். அவர்கள் அந்த ஏழு நாளில் கடலைப் பார்த்ததே மிகக் கொஞ்சம்.

அமெரிக்கக் கரை தெரியும்போது நியூயார்க்குக்குக் கிழக்கே ஃபயர் தீவில் இருப்பவர்கள் தொலைநோக்கியில் கப்பலை அடையாளம் கண்டு தந்தி அடிப்பார்கள். அயர்லாந்தின் கடைசி முனையில் பார்த்ததற்கும் இதற்கும் நடுவே, ஒரு வாரம், கப்பலைப் பற்றி உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. மேல்வகுப்புக்காரர்கள் துறையில் இறங்கி வண்டி ஏறிப் போய்விடுவார்கள். கீழ்த்தளத்தில் வந்தவர்களைத் தனியாகப் படகில் ஏற்றி, கேஸில் கார்டன் என்ற வட்டமான பழைய கோட்டைக்குக் கொண்டுபோவார்கள். 1855 முதல் 1890 வரை அதுதான் குடியேறிகளின் வாசல். 1892 ஜனவரி 1 முதல் எல்லிஸ் தீவு.

கப்பலுக்கு ஓய்வு கிடையாது. சில நாளில் சரக்கை இறக்கி, கரி ஏற்றி, கிழக்கே திரும்ப வேண்டும். வந்தபோது ஆட்களை ஏற்றிய இடத்தில் போகும்போது அமெரிக்கக் கோதுமை, பாலாடைக்கட்டி, பன்றி இறைச்சி. போக ஒன்பது நாள், வர ஒன்பது நாள், இரண்டு துறைமுகத்திலும் இருப்பு என்று ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து வாரம். வருடத்துக்குப் பத்துச் சுற்று. இப்படி 28 வருடம். நடுவில் அரிசோனா, அலாஸ்கா, அம்ப்ரியா, எட்ரூரியா என்று வேகமான கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. 1889இல் ஒயிட் ஸ்டாரே டியூட்டானிக் என்ற புதிய கப்பலைக் கொண்டுவந்தது. ஜெர்மானிக்கை யாரும் முதல் பக்கத்தில் எழுதவில்லை. அது தன் பயணங்களைத் தவறவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. 1895இல் பெல்ஃபாஸ்டுக்கே திரும்பக் கொண்டுபோய் புது பாய்லரும், நீராவியை மூன்று தடவை பயன்படுத்தும் புது இன்ஜினும் போட்டார்கள். கூடவே மேலே ஒரு தளத்தையும் சேர்த்தார்கள்.

அந்த மேல்தளம் நான்கு வருடம் கழித்துத் தன் எடையைக் காட்டியது. 1899 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒரு பெரும் பனிப்புயல் பிடித்தது. கடலில் சிக்கித் தாமதமாக நியூயார்க் வந்த ஜெர்மானிக்கின் கயிறு, கைப்பிடி, படகு, தளம் எல்லாவற்றிலும் பனி உறைந்திருந்தது. நூற்றுக்கணக்கான டன் எடை, அத்தனையும் கப்பலின் தலையில். வந்ததும் வழக்கம்போலப் பயணிகளை இறக்கினார்கள், சரக்கை இறக்கினார்கள். அதாவது அடியில் இருந்த பாரம் போய்விட்டது, மேலே இருந்த பாரம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கரியும் பெரும்பாலும் தீர்ந்திருந்தது, அதுவும் அடியில் இருக்கும் எடைதான். அவசரமாகக் கரி ஏற்றத் தொடங்கினார்கள். அதற்குக் கப்பலின் விலாவில், தண்ணீர் மட்டத்துக்குச் சில அடி மேலே உள்ள கதவுகளைத் திறந்தாக வேண்டும். பிப்ரவரி 13, மறுபடி பனிப்புயல். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு மறுபக்கம் புரண்டது. திறந்திருந்த கரிக் கதவு தண்ணீருக்குள் போனது. அவ்வளவுதான், துறைமேடையை ஒட்டியபடியே மெல்ல மெல்லச் சேற்றில் போய் உட்கார்ந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஏனென்றால் யாரும் பெரிதாக ஒரு தப்பும் செய்யவில்லை. எல்லோரும் அன்றாடம் செய்வதையே செய்தார்கள். சரக்கை இறக்குவதும், கதவைத் திறப்பதும், கரி ஏற்றுவதும் ஒவ்வொரு தடவையும் நடப்பதுதான். அன்றைக்கு மட்டும் பனி மேலே உட்கார்ந்திருந்தது. மூழ்கடிக்கும் வேலையை நீர் தானாகச் செய்துகொண்டது.

முத்துக்குளிப்பவர்கள் போல ஆட்கள் கவசம் மாட்டி உறைபனித் தண்ணீருக்குள் இறங்கி, திறந்திருந்த வாய்களை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். பம்பு வைத்து இறைத்தார்கள். ஒன்றரை வாரத்துக்குள் கப்பல் மிதந்தது. பெல்ஃபாஸ்டில் சில மாதம் பழுது பார்த்து, அதே வருடம் மறுபடி ஓடத் தொடங்கியது.

1903இல் ஒயிட் ஸ்டாரில் அதன் காலம் முடிந்தது. அப்போது கப்பலுக்கு 28 வயது. சாதாரணமாக இங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் இரும்பு உடல் திடமாக இருந்தது. அமெரிக்கன் லைன் நிறுவனத்துக்குப் போனது. 1905இல் டொமினியன் லைன் வாங்கி ஒட்டாவா என்று பெயர் மாற்றி, கனடாவுக்குக் குடியேறிகளை ஏற்றியது. பிறகு கொஞ்ச காலம் சும்மா கட்டிக் கிடந்தது. 1911இல் துருக்கிக்குக் கைமாறியது. அங்கே புதுப் பெயர், குல்ஜெமால். அப்போதைய சுல்தான் ஐந்தாம் மெஹ்மத்தின் தாயார் பெயர் அது. ஏமனுக்குப் படைவீரர்களைக் கொண்டுபோவது முதல் வேலை.

முதல் உலகப் போரில், 1915 மே 10 அன்று, மர்மரா கடலில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி இ-14 அதன் மேல் டார்ப்பிடோ வீசியது. பெல்ஃபாஸ்டில் கட்டிய கப்பலை, நாற்பது வருடம் கழித்து, அதே நாட்டுக் கடற்படையே அடித்தது. அந்த ரோந்துக்காக நீர்மூழ்கியின் கேப்டன் எட்வர்ட் பாயிலுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. கப்பல் மூழ்கிவிட்டது என்றே பிரிட்டிஷார் நினைத்தார்கள். மூழ்கவில்லை. இஸ்தான்புல்லுக்கு இழுத்துப்போய்ச் சரிசெய்துவிட்டார்கள்.

போர் முடிந்த பிறகு நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1920இல், 45 வயதில், அந்தக் கப்பல் இஸ்தான்புல்லிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு மறுபடி நியூயார்க்குக்கு வந்தது. இந்தத் தடவை துருக்கிக் கொடி. 1875இல் முதல் தடவை அந்தத் துறைமுகத்துக்குள் வந்தபோது சுதந்திர தேவி சிலையே கிடையாது, புரூக்ளின் பாலம் பாதிதான் கட்டியிருந்தது. 21 வருடம் முன்னால் சேற்றில் உட்கார்ந்து எழுந்ததும் இதே துறைமுகத்தில்தான். அடுத்த வருடம் வரை இந்த ஓட்டம் சில தடவை நடந்தது.

அதற்குப் பிறகு கருங்கடல். இஸ்தான்புல்லுக்கும் டிராப்சோனுக்கும் நடுவே ஊர் ஊராக நின்று, ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி இறக்கியது. வேகச் சாதனை செய்த கப்பல் என்பது அதில் ஏறியவர்களில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்று யோசித்துப் பார்ப்பேன். கடைசியில் ஓட முடியாமல் போனபோது இஸ்தான்புல்லில் சரக்குக் கிடங்காகக் கட்டி வைத்தார்கள். கொஞ்ச நாள் மிதக்கும் தங்கும் விடுதியாகவும் இருந்தது.

1950 இறுதியில் இத்தாலியின் மெஸ்ஸினாவுக்கு உடைப்புக்குக் கொண்டுபோனார்கள். 1875இல் போட்ட இன்ஜினும் பாய்லரும் எப்போதோ போய்விட்டிருந்தன. மெஸ்ஸினாவில் அறுத்தது பெல்ஃபாஸ்ட் தொழிலாளிகள் 1874இல் ரிவெட் அடித்துச் சேர்த்த அதே இரும்புத் தகடுகளைத்தான்.